ஐந்தாம் திகதி கூப்பிடும் பெயர்

செத்து ஏழு வருடமான மனிதருக்கு, முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் வந்தது. வந்தது என்றால் தபாலில் வரவில்லை. நாலாம் மாடிக் கதவில், பிள்ளையார் படத்துக்குச் சரியாகக் கீழே, பசை போட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மூன்றிலும் ராஜரத்தினம் என்று பெயர் இருந்தது. பிலிமத்தலாவையில் மிளகாய்த் தூள் பொதி செய்யும் வேலையை முடித்து, பஸ்ஸில் நின்றபடியே வந்து, எழுபத்திரண்டு படியும் ஏறி வந்த மூக்காயி அதை நகத்தால் சுரண்டி, ஓரம்கூடக் கிழியாமல் எடுத்தாள். பயம் இருந்தது. ஆனால் அவ்வளவு பக்குவமாக எடுத்தது பயத்தால் அல்ல. அவள் புருசனின் பெயர் அச்சில் வந்திருந்த காகிதம் அது.

எழுத்துக் கூட்டி வாசிக்க அவளுக்குத் தெரியும். ஆனால் அரசாங்கம் எழுதுகிற தமிழ் வேறு, அது யாருக்கும் விளங்காது. அதனால் இரண்டாம் மாடிக்கு இறங்கி, ஆட்டோ ஓட்டும் நஸீபிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோர்ட்டில் நிற்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று வாசித்தார்.

"அக்கா, பதினாலு மாச வாடகை பாக்கி ஈக்கி. பதினெட்டாந் திகதி காலையில குடியிருப்பாளர் நேர்ல வந்து விளக்கம் செல்லணுமாம். வராட்டி வீட்ட எடுத்துடுவாங்களாம்."

"யாரு வரணும் நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்று கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம்.

"குடியிருப்பாளர். அதான்... ராஜரத்தினம் அண்ணன்."

ராஜரத்தினத்தைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்று, வெள்ளைக் கொடி கட்டிய ஆட்டோவை முன்னால் ஓட்டிப் போனவரே இந்த நஸீப்தான்.

"அண்ணன் மௌத்தான விசயத்த வாடகைக் கந்தோருக்கு நீங்க செல்லல்லையா?"

மூக்காயி கடிதத்தை நாலாக மடித்தாள். "சொல்லத்தான் போனேன்" என்றாள்.

இந்த வீடு கிடைத்தது தொண்ணூற்றாறில். அதற்கு முன் அவர்கள் ஓடைக்கரையில் ஒரு பலகை வீட்டில் இருந்தார்கள். ஓடையை அகலமாக்க வேண்டுமென்று பலகை வீடுகளைப் பிடுங்கியவர்கள், கட்டுக்கலைக்கு மேலே மலைச்சரிவில் மாடி கட்டி, ஆளுக்கொரு வீடும் ஒரு வாடகைப் புத்தகமும் கொடுத்தார்கள். மூக்காயி குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துப் பூரித்துப்போனாள். மகள் கிருஷாந்திக்கு அப்போது எட்டு வயது. அது படிகளில் ஏறி இறங்கியே காய்ச்சல் வர வைத்துக்கொண்டது. ராஜரத்தினம் வீட்டைச் சரியாகப் பார்க்கவேயில்லை. நீல மட்டை போட்ட அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

அதற்குக் காரணம் உண்டு. அவர் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பிராவில், வரிசை வீட்டின் ஓர் அறையில் பிறந்தவர். காம்பிராவுக்கு வாடகையும் இல்லை, புத்தகமும் இல்லை. போ என்றால் போக வேண்டியதுதான். கண்டி மார்க்கட்டுக்கு வந்து மூட்டை தூக்கும் நாட்டாமி ஆனார். லொறியிலிருந்து வெங்காய மூட்டையை முதுகில் இறக்குகிறவருக்குப் பெயர் எதற்கு? "ஏய் நாட்டாமி" என்று ஒரு குரல் வந்தால் பத்துப் பேர் திரும்புவார்கள். முதலில் ஓடி வருகிறவருக்கு மூட்டை. பல வருடம் அப்படித் திரும்பிப் பழகிய கழுத்து அது.

வாடகை வாங்கும் அரசாங்க அலுவலகத்தில், அந்தக் கந்தோரில், கதை வேறு. ஜன்னலில் புத்தகத்தைப் போட்டுவிட்டு, சுவரோரம் நீளமாகக் கிடக்கும் மர வாங்கில் உட்கார வேண்டும். கவுண்டரில் இருந்த சிங்கள லிகிதர் ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து, முதல் பக்கத்தில் உள்ள பெயரைச் சத்தமாகப் படிப்பார்.

"ராஜரத்னம் மஹத்தயா!"

"இங்க" என்று சொல்லி எழும்பிப் போய்ப் பணத்தைக் கட்ட வேண்டும். முதல் தடவை கேட்டபோது ராஜரத்தினம் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று. அந்த லிகிதரின் வாயில் ஆண்கள் எல்லோரும் மஹத்தயா, அதாவது ஐயாதான்; பெண்கள் எல்லோரும் நோனா, அதாவது அம்மணிதான். கள்ளனைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாலும் மஹத்தயா என்றுதான் கூப்பிட்டிருப்பார். அதை ராஜரத்தினத்திடம் யார் சொல்வது? சொன்னாலும் காதில் ஏறியிருக்காது.

அன்றிலிருந்து மாதத்தில் ஐந்தாம் திகதி அந்த வீட்டில் ஒரு நல்ல நாளாகிவிட்டது. விடியற்காலை மூட்டைகளை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். குளித்து, திருநீறு பூசி, கலியாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். மூக்காயியும் கூட வர வேண்டும். பட்டுச் சேலை கட்ட வேண்டும் என்று அவர் சொன்னபோது மட்டும் அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"வாடகை கட்டத்தான் போறோம், பொண்ணு பாக்கப் போறோமா?"

"ஏன்டி, நம்ம பேரு புத்தகத்துல ஏறுற நாளு. காம்பிராவுக்கு எவன் புத்தகம் குடுத்தான்?"

பணம் கட்டி முடிந்ததும் குளத்தங்கரைப் பக்கம் ஒரு தேநீர்க் கடைக்குப் போவார்கள். இரண்டு பிளேன்டீ, மீன் அடைத்த ஒரு மாலுபாண். கடைக்காரர் மாலுபாணைக் கேட்காமலே இரண்டாக வெட்டித் தருவார். பிறகு குளத்து மதிலில் சாய்ந்து நின்று, ரசீதை மறுபடியும் ஒருமுறை பார்ப்பார் ராஜரத்தினம். மீன்களுக்குப் பொரி போடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், குடை பிடித்து நடக்கும் வெள்ளைக்காரர்களையும் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார்கள். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் மூக்காயிக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். அவளுக்குக் கிடைத்த சந்தோசத்தில் பெரும் பகுதி அந்த மதிலோரத்தில்தான் கிடைத்தது.

ரசீதில் இரண்டு வரி இருக்கும். மேலே குடியிருப்பாளர் பெயர். கீழே பணம் கட்டியவரின் கையெழுத்து. முதல் மாதம் ராஜரத்தினம் பெருவிரலை மையில் அழுத்தினார். அந்த மை விரலை விட்டுப் போவதற்குள் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. கிருஷாந்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூட்டையில் கட்டி வரும் அட்டைகளின் பின்பக்கத்தில் மூன்று மாதம் எழுதிப் பழகினார். மூட்டை தூக்குகிற கைக்குப் பேனை ஒரு பாரமா? ஆனாலும் வியர்த்தது. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது பேனை எப்போதும் காகிதத்தைத் துளைத்துவிடும். அந்தக் காலத்து ரசீது எதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாலும் ஓர் ஊசித்துளை தெரியும்.

"உன் பேரையும் புத்தகத்துல சேத்துப் போடச் சொல்லட்டுமா?" என்று ஒருமுறை கேட்டார்.

"ஐயோ வேணாம்" என்றாள் மூக்காயி. "மூக்காயின்னு அத்தன பேருக்கு முன்னால கூப்பிட்டா சிரிப்பாங்க."

அவளுக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாவது தங்கட்டும் என்று, பிறந்த கையோடு மூக்கைக் குத்தி, மூக்காயி என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்தில் அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. டவுனுக்கு வந்த பிறகுதான் வெட்கம் வந்தது. கிருஷாந்தியின் பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் பெயரை எழுதும்போதுகூட அவள் எழுத்தைச் சின்னதாகத்தான் எழுதினாள். ராஜரத்தினம் என்ற கம்பீரமான பெயருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினாறில், மார்க்கட் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். முதுகில் ஒரு மூட்டைகூட இல்லை. அடுத்த மாதம் ஐந்தாம் திகதி மூக்காயி தனியாகக் கந்தோருக்குப் போனாள். மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். வாங்கில் உட்கார்ந்து, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கவுண்டரிலிருந்து குரல் வந்தது.

"ராஜரத்னம் மஹத்தயா!"

"இங்க" என்று சொல்லிவிட்டாள். வாய் முந்திக்கொண்டது. எழும்பினாள், பணத்தைக் கட்டினாள், கீழ்வரியில் கையெழுத்துப் போட்டாள், வந்துவிட்டாள். பத்திரம் பையிலேயே இருந்தது.

அடுத்த மாதம் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த மாதமும் கூப்பிட்டார்கள். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. மகள் கலியாணம் முடித்துக் கம்பளைக்குப் போய்விட்டாள். மார்க்கட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. உலகத்தில் அந்தப் பெயர் சத்தமாக ஒலிக்கிற ஒரே இடம் அந்தக் கந்தோர். அதுவும் மாதத்தில் ஒரு தடவை. அதை நிறுத்தச் சொல்லி அவளே எழுதிக் கொடுப்பது எப்படி? வருடக் கணக்கில் அவள் "இங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது சட்டப்படி பிழை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தாள். பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு, நாடே வெறுங்கையாகிப்போன இருபத்திரண்டாம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவள் சமைத்துக்கொண்டிருந்த விருந்தினர் விடுதிக்குச் சமையல் காஸும் வரவில்லை, விருந்தினரும் வரவில்லை, பூட்டிவிட்டார்கள். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றே காலம் போனது. பாதி வாடகை கையில் இருந்த மாதமும் உண்டு. ஆனால் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, எழும்பிப் போய், பாதிப் பணத்தை நீட்டுவதா? வெள்ளைச் சட்டை போட்டு முழுப் பணம் கட்டிய மனிதரின் பெயர் அது. முழுசாக இருந்தால் போவது, இல்லாவிட்டால் போவதில்லை என்று முடிவு செய்தாள். இதைப் போல ஒரு முட்டாள்தனமான கௌரவம் வேறில்லை. பாதி கட்டியிருந்தால் பாதி பாக்கி குறைந்திருக்கும். சிறுகச் சிறுகப் பதினாலு மாதம் ஏறியது. பிலிமத்தலாவையில் வேலை கிடைத்த பிறகும், அவ்வளவு பாக்கியை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது என்று போகாமலே இருந்தாள்.

கிருஷாந்தி போனில் அழுதாள். "எத்தன தடவ சொன்னேன், இங்க வந்துருங்கன்னு? அந்த வீட்டுல அப்படி என்னதாம்மா இருக்கு?"

"புத்தகம் இருக்கு" என்றாள் மூக்காயி. மகளுக்கு அது விளங்கவில்லை.

நஸீபிடம் ஒரு யோசனை இருந்தது. இரண்டு நாள் யோசித்து, அதை நாலாம் மாடி வரை மூச்சு வாங்க ஏறிவந்து சொன்னார்.

"அக்கா, நான் வாறன். நான்தான் ராஜரத்தினம்னு செல்லுவம். அங்க யாருக்கு என்னத் தெரியும்?"

மூக்காயிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அலுமாரியிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்து, அந்த ஊசித்துளையைக் காட்டினாள்.

"இந்தக் கையெழுத்து உங்களுக்கு வருமா நானா?"

நஸீப் உற்றுப் பார்த்தார். "வராது" என்று ஒத்துக்கொண்டார்.

ஆனாலும் பதினெட்டாம் திகதி ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மூக்காயி கவனித்தாள்.

விசாரணை, கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் நடந்தது. அதிகாரி மதனி என்ற யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். மேசை நிறையக் கோப்பு. அவர் ஒரு கோப்பைத் திறந்துகொண்டே கேட்டார்:

"ராஜரத்தினம் வந்திருக்கிறாரோ?"

"இங்க" என்று மூக்காயி எழும்பினாள். அவளை அறியாமலே வந்துவிட்டது. பக்கத்துக் கதிரையில் நஸீபும் பாதி எழும்பியிருந்தார்.

மதனி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆர் ராஜரத்தினம்?"

"நீங்க உக்காருங்க நானா" என்றாள் மூக்காயி. நஸீப் உட்கார்ந்தார். அவள் பையிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்தாள். ஏழு வருடமாகப் பையில் கிடந்து, மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது. "அவரு எறந்துட்டாருங்க" என்றாள். அந்தக் கந்தோருக்குள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மதனி பத்திரத்தில் திகதியைப் பார்த்தார். முகம் மாறியது. "அம்மா, முதல்லை கதிரையிலை இருங்கோ. வாடகைப் பாக்கி பெரிய பிரச்சினையில்லை. தவணை போட்டுக் கட்டலாம். இதுதான் பிரச்சினை. குடியிருப்பாளர் இறந்தால் ஆறு மாசத்துக்குள்ளை அறிவிச்சுப் பேர் மாத்தவேணும். மாத்தாட்டில் வீடு திரும்பக் கந்தோருக்குத்தான். சட்டப்படி நீங்கள் அந்த வீட்டிலை ஆருமே இல்லை. ஏன் அம்மா சொல்லேல்லை?"

பொய் சொல்ல நாலு வழி இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மூக்காயி உண்மையையே சொன்னாள்.

"மாசத்துல ஒரு தடவ இங்கதாங்க அவரு பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அத நிறுத்த எனக்கு மனசு வரலைங்க."

மதனி பேனையை மூடித் திறந்தார். பிறகு எழும்பிப் போய், அலுமாரியிலிருந்து பழைய ரசீதுகளின் அடிக்கட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். நஸீப் வாய்க்குள் துவா ஓதுவது மூக்காயிக்குக் கேட்டது.

"கீழை பணம் கட்டினவர் எண்டு போட்டிருக்கிற இந்தக் கையெழுத்து ஆற்றை?"

"என்னோடதுங்க."

"இதுவும்?"

"ஆமாங்க."

"எல்லாமோ?"

"அவரு போனதுக்கப்புறம் எல்லாமே நான் போட்டதுதாங்க."

அறுபதுக்கும் மேல் இருந்தன. மேல்வரியில் எல்லாவற்றிலும் ராஜரத்தினம். கீழ்வரியில் எல்லாவற்றிலும், பள்ளிக்கூடப் படிவத்தில் எழுதியது போலவே சின்ன எழுத்தில், மூக்காயி. புருசனின் பெயரைக் காப்பாற்றத்தான் அவள் மாதாமாதம் வந்தாள்; தன் பெயரையும் மாதாமாதம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது அவள் மண்டையில் ஏறவேயில்லை.

"அவர் இறந்த திகதிக்குப் பிறகு அஞ்சரை வருசமா உங்கடை கையாலைதான் கந்தோர் காசு வாங்கியிருக்கு" என்றார் மதனி, பாதி தனக்குத்தானே. "உங்கடை பேரிலை கையெழுத்தும் வாங்கியிருக்கு. ஆரும் இல்லாத ஆளிட்டை வாடகை வாங்கேலாது தானே?" பிறகு குரலைக் கொஞ்சம் இறுக்கினார். "நான் வாக்குத் தரமாட்டன். குழுவுக்கு எழுதிப் போடுறன். கிராம சேவகரிட்டைக் கடிதம் எடுங்கோ. பாக்கிக்கு இண்டைக்கே ஒரு தொகை கட்டுங்கோ, எவ்வளவு எண்டாலும் சரி. பாதி இருந்தாலும் கொண்டு வந்திருக்கலாமே அம்மா, ஆர் வேண்டாமெண்டது?"

கையில் இருந்ததை அன்றே கட்டிவிட்டு, மூக்காயி மூன்று மாதம் காத்திருந்தாள். அந்த மூன்று மாதமும் படியில் யார் ஏறும் சத்தம் கேட்டாலும் பூட்ட வருகிறார்கள் என்றே நினைத்தாள். மாசியில் மதனி போன் பண்ணி வரச் சொன்னார். குழு ஒத்துக்கொண்டிருந்தது. நீல மட்டைப் புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்து, அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனையைத் திறந்தார்.

"அழிச்சிராதீங்க" என்றாள் மூக்காயி அவசரமாக.

"அழிக்கேல்லை அம்மா. கோடு மட்டும்தான். பேர் கீழை தெரியும்."

தெரியத்தான் செய்தது. அதற்கு மேலே மதனி பெரிய எழுத்தில் புதுப் பெயரை எழுதினார்.

பங்குனி ஐந்தாம் திகதி மூக்காயி கவனமாகச் சேலை உடுத்தினாள். எந்தச் சேலை என்று கேட்டால், அந்தக் காலத்தில் கட்டமாட்டேன் என்று மறுத்த அதே பட்டுத்தான். ஜன்னலில் புத்தகத்தைப் போட்டாள். முப்பது வருடத்துக்குக் கிட்ட அதே கவுண்டரில் இருந்து தலை நரைத்துப்போன அந்த லிகிதர் ஒவ்வொரு புத்தகமாகத் திறந்தார். மூக்காயி வாங்கில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, வழக்கமான பெயருக்காகக் காத்திருந்தாள். அது இனி வராது என்று தெரிந்தும் காத்திருந்தாள்.

"மூக்காயி நோனா!"

வாங்கின் மறுபக்கம் இருந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். மூக்காயி பின்னால் திரும்பிப் பார்த்தாள், யார் அந்த நோனா என்று.

"மூக்காயி நோனா இன்னவாத?" என்று லிகிதர் மறுபடி கேட்டார், இருக்கிறாரா என்று.

அவள் எழும்பினாள். புருசனுக்காகச் சொல்லிப் பழகிய "இங்க" என்ற சொல் அவளுக்கு வரவில்லை.

"இருக்கேங்க" என்றாள்.

குளத்தங்கரைக் கடையில் கேட்காமலே மாலுபாணை இரண்டாக வெட்டி வைத்தார்கள். ராஜரத்தினம் போன பிறகு, அவருடைய பாதியைத் தாளில் சுற்றிக்கொண்டுபோய் மொட்டை மாடியில் காகத்துக்கு வைப்பது அவள் வழக்கம். அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, நல்ல பசி. இரண்டு பாதியையும் தின்றுவிட்டு, ரசீதை விரித்து மதிலில் வைத்துப் பார்த்தாள். மேல்வரியிலும் கீழ்வரியிலும் ஒரே பெயர் இருந்தது. கீழ்வரியில் அவள் எழுதியது இந்த முறை கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருந்தது.